தாடிக்காரன் எங்கே போனான்

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன். நம் பிள்ளைகள் சோபாவில் படுத்துக்கொண்டு போனில் ஆடுகிற சண்டை விளையாட்டை நாம் நின்றுகொண்டு ஆடினோம். பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி, சிவப்புக் குமிழ் வைத்த ஒரு குச்சி, பக்கத்தில் வரிசையாகப் பொத்தான்கள். ஆடி முடித்தால் கை வலிக்கும், கால் வலிக்கும், வீட்டுக்குத் தெரிந்துவிட்டால் முதுகும் வலிக்கும்.

அந்த விளையாட்டை இப்போது கார்ட்டூன் படமாக எடுத்திருக்கிறார்கள். வேலூரில் ஓடுகிறது. கூட்டிக்கொண்டு போ என்று என் மகன் ஒரு வாரமாக உயிரை வாங்குகிறான். எனக்குத் தியேட்டரில் விளக்கு அணைந்தாலே தூக்கம் வந்துவிடுகிறது. வருடம் பூராவும் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு இந்த மே மாதம் ஒன்றுதான் எனக்கு மூச்சு விடும் நேரம். அதில் மூன்று மணி நேரத்தை அடிதடிக்குக் கொடுக்க மனம் வரவில்லை. என் வீட்டுக்காரரைக் கேட்கலாமென்றால் அவர் சினிமாப் பக்கமே போகாதவர். ஷூ கம்பெனியில் எக்ஸ்போர்ட் செக்‌ஷன். காலையில் பஸ் ஏறிப் போனால் இருட்டித்தான் வருவார்.

ஆனால் படத்தின் போஸ்டரில் ஓரமாக ஒரு தாடிக்காரக் கிழவன் நிற்கிறான். தோளில் ஒரு துணிப்பை. அவனைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அவன் என் அப்பாவின் ஆள்.

அப்போது நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அப்பா ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். அம்மா வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தக் கோடை முழுக்க அம்மாவுக்கு நைட் டூட்டி. காலை வண்டியில் வந்து இறங்குவாள். யூனிஃபார்ம் புடவையைக்கூட மாற்றாமல் அடுப்பைப் பற்றவைத்து, சோறு வடித்து, அப்பாவுக்குக் கேரியர் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கட்டிலில் விழுவாள். கம்பெனியின் ஒன்பது மணிச் சங்கு ஊதுவதற்குள் அப்பா சைக்கிளில் கிளம்பிவிடுவார். சாயங்காலம் அவர் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது அம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு படியிறங்குவாள். "குழம்பு மூடி வெச்சிருக்கேன்", "சரி" என்பதோடு அவர்களுடைய பேச்சு முடிந்துவிடும்.

அப்பாவின் சட்டையில் எப்போதும் தோல் வாடையும் சொல்யூஷன் வாடையும் கலந்து வரும். ஷூ ஒட்டுகிற பசையை எங்கள் ஊரில் சொல்யூஷன் என்றுதான் சொல்வோம். துவைத்தாலும் போகாது. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு அதே வாடைதான் என்பதால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் கோடையில் அந்த வாடை நின்றுவிட்டது. சட்டையில் சோப்பு மணம் மட்டும் வந்தது. வெயிலில் வாடை காய்ந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா பக்கத்தில் நின்று மோந்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பாள். வாசற்படியில் கடந்துபோகிறவர்களுக்கு மோந்து பார்க்க எங்கே நேரம்?

பஜாரில், பிரியாணிக் கடைக்குப் பக்கத்துச் சந்தில் பாய் ஒருவர் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். பெண்பிள்ளைகள் அங்கே போகிற வழக்கமில்லை. எதிர்வீட்டுப் பையன் என்னைவிட ஒரு வகுப்பு மேலே; நாள் முழுக்க அங்கேதான் கிடப்பான். அவன் கதை கதையாகச் சொல்லச் சொல்ல எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் அம்மா தூங்கியதும் அவன் பின்னாலேயே போய்விட்டேன். வெளியே கண்ணைப் பறிக்கிற வெயில், உள்ளே கும்மிருட்டு. பெட்டிகளின் வெளிச்சத்தில் முகங்கள் மட்டும் நீலமும் சிவப்புமாகத் தெரிந்தன. டவுசர் பையன்கள் வரிசையாக நிற்க, கடைசிப் பெட்டியில் இன் பண்ணின சட்டையும் பாக்கெட்டில் பேனாவுமாக ஒருவர் குச்சியை ஆட்டிக்கொண்டிருந்தார். பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் எங்கள் வீட்டுக் கேரியர் தொங்கியது.

"இன்னாப்பா, கம்பெனிக்குப் போலியா?" என்றேன்.

அப்பா குச்சியிலிருந்து கையை எடுத்தார். திரையில் அவருடைய ஆள் அடி வாங்கி விழுந்தான். "கம்பெனியில கரண்ட் இல்ல பாப்பா. லைன்ல ஏதோ வேல பண்றாங்க. வந்ததும் போய்டுவேன்" என்றார்.

பஜாரில் இருக்கிற கரண்ட் கம்பெனிக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்த வயதில் அப்பா சொன்னால் சொன்னதுதான். மறுநாளும் கரண்ட் இல்லை என்றார். அதற்கடுத்த வாரமும் இல்லை.

"அம்மாகிட்ட சொல்ல வேணாம். பாவம், தூக்கம் கெட்டுடும்" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அம்மாவின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்பதுதான் அப்போது எங்கள் வீட்டின் முதல் கட்டளை.

அதன் பிறகு வந்த நாட்கள்தான் என் குழந்தைப் பருவத்திலேயே நல்ல நாட்கள். இதைச் சொல்ல எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். அப்பா பகலில் எனக்குக் கிடைத்தார். எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு ஏற்றிவிட்டு, பொத்தான்களை எப்படி அமுக்குவது என்று காட்டினார். நான் எப்போதும் சடைக்காரியைத்தான் எடுப்பேன். அவள் பின்னலைச் சாட்டை மாதிரிச் சுழற்றுவாள். அப்பா அந்தத் தாடிக்காரனை எடுப்பார். எல்லாரும் ஒதுக்கிவிட்ட ஆள் அவன். காலைத் தூக்க மாட்டான், நெருப்பு விட மாட்டான். சண்டை ஆரம்பிக்கும் முன் தோளிலிருந்து பையை இறக்கி ஓரமாக வைப்பான். இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு அடி வாங்குவான். அடிக்கிறவன் களைத்த பிறகு ஒரே குத்து. ஜெயித்தால் பையை எடுத்து மாட்டிக்கொள்வான். தோற்றால் பை அங்கேயே கிடக்கும்.

"ஏம்பா இந்தக் கெழவன எடுக்குற?" என்று கேட்டால், "இவனுக்கு அவசரம் ஜாஸ்தி இல்ல. எனக்கும் இல்ல" என்பார்.

மதியச் சங்கு ஊதினால் பாதிச் சண்டையில் குச்சியை என் கையில் கொடுத்துவிட்டுக் கேரியரோடு ஸ்டேஷன் பக்கம் போவார். மறுசங்குக்குள் திரும்பி வந்துவிடுவார். ஐந்து மணிச் சங்கு ஊதியதும் பாயிடம் தலையாட்டிவிட்டுச் சைக்கிளை எடுப்பார். அந்தக் கடையில் அவர் டூட்டி பார்த்தார் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. சங்கு மட்டும்தான் கம்பெனியிலிருந்து அவருக்கு மிச்சமாக வந்துகொண்டிருந்தது.

பாய் அவரிடம் காசு வாங்கி நான் பார்த்ததில்லை. "இன்னா சார், நின்னுகினே இருக்கீங்களே, உக்காருங்க" என்று அவருக்கும் ஒரு ஸ்டூலைத் தள்ளுவார். பாய் வீட்டுத் தோல் மண்டி பூட்டிக் கிடந்தது. கழிவுத் தண்ணீர் விஷயமாகத் தோல் பதனிடும் ஷாப்புகளை வரிசையாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. தோல் வராவிட்டால் ஷூவுக்கு எங்கே போவது? "பேஜார் ஆவாதீங்க சார், மழைக்குள்ள தொறந்துடுவாங்க" என்று பாய் சொல்லுவார். எதைத் திறப்பார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

மே மாதக் கடைசியில் எங்கள் சபையில் வி.பி.எஸ். வந்தது. விடுமுறை வேதப் பள்ளி. பாட்டு, கையாட்டு, மனப்பாட வசனம், ஃபிளானல் போர்டில் படங்களை ஒட்டி ஒட்டிக் கதை. கடைசி நாள் பெற்றோர்களையும் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்குப் படம் போடுவார்கள். வருடா வருடம் அதே இயேசு படம்தான். எந்த இடத்தில் யார் என்ன பேசுவார்கள் என்று எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். படம் போடுவது சபைக் கமிட்டியில் இருந்த அப்பாவின் பொறுப்பு. கம்பெனியிலிருந்து டிவியும் வீடியோ டெக்கும் இரவல் வாங்கிக்கொண்டு வருவார். அந்த வருடம் அவரால் கம்பெனி வாசலில் போய் நிற்க முடியாது. யாருக்கும் சொல்லவும் முடியாது.

பாய்தான் கைகொடுத்தார். அவருடைய மச்சான் வெளிநாட்டுத் தோல் கண்காட்சிக்குப் போய்வருகிறவர். கடையில் இருந்த டிவி, டெக் எல்லாம் அவர் கொண்டுவந்தவை. அவற்றோடு அழகுக்கு அலமாரியில் வைத்திருந்த ஒரு கேசட்டையும் பாய் எடுத்துக் கொடுத்தார். எங்கள் விளையாட்டையே கார்ட்டூன் படமாக எடுத்தது. யாரும் போட்டுப் பார்த்ததில்லை, புரியாத பாஷை.

"சின்னப் பிள்ளைங்க படம்தான் சார். பொம்மப் படம். இதுல இன்னா இருக்கப் போவுது?" என்றார் பாய்.

அப்பா கேசட்டைப் போதகரிடம் காட்டி அனுமதி கேட்டபோது நானும் கூட நின்றேன். அட்டையில் சடைக்காரி இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். சண்டைக்கு முன்னால் வைக்கிற வணக்கம் அது. போதகர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஜெபம் பண்ணுதே இந்தப் பொண்ணு. நல்ல படந்தான். போடுங்க" என்றார்.

அது ஜெபம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் சடைக்காரியைப் பெரிதாகப் பார்க்கப்போகிறேன் என்கிற சந்தோஷத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. போதகரும் ஒன்றும் கேட்கவில்லை. கார்ட்டூன் என்றால் பிள்ளைகளுக்கு, கை கூப்பினால் ஜெபம். எங்கள் சபையில் அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

கடைசி நாள் ஹால் நிரம்பி வழிந்தது. அம்மாகூடத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து, சபையிலிருந்த நர்ஸ் அக்காக்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. பாட்டெல்லாம் முடிந்து, மிக்சரும் கேக்கும் கொடுத்து, ஜன்னல்களுக்குப் போர்வை கட்டிப் படம் போட்டார்கள். முதல் சண்டைக்கே நாங்கள் பெஞ்சின் மேல் ஏறிவிட்டோம். குச்சியும் பொத்தானும் இல்லாமல் சடைக்காரி தானாகவே சுழன்றாள். அப்பா டிவிக்குப் பக்கத்தில் நின்று, பல வாரங்களுக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒருவனுடைய வாயிலிருந்து ரத்தம் குபுக்கென்று கொட்டியது. பெண்கள் பக்கத்தில் ஒரு முனகல். அடுத்த காட்சியில் சடைக்காரி வீட்டுக்கு வந்தாள், கதவைச் சாத்தினாள், பின்னலை அவிழ்த்தாள், குளியலறைக்குள் போனாள்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அப்பா டெக்கிடம் பாய்ந்தார். அதில் எழுதியிருந்தது அவருக்குத் தெரியாத எழுத்து. ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினார். படம் நிற்கவில்லை, மெதுவாக ஓட ஆரம்பித்தது. சடைக்காரி மெல்ல மெல்ல மேலாடையைக் கழற்றினாள். போதகர் "ஆண்டவரே" என்றார். அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார், சுவரில் சாய்த்திருந்த ஃபிளானல் போர்டைத் தூக்கித் திரைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் நோவாவின் பேழையும் இரண்டு ஒட்டகச்சிவிங்கியும் ஒட்டியிருந்தன. போர்டின் ஓரங்களில் நீல வெளிச்சம் கசிந்தது. இதை இன்று எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

யாரோ சுவிட்சைத் தேடிக்கொண்டிருக்கும்போதே காட்சி மாறிவிட்டது. சண்டைச் சத்தம் கேட்டது. போர்டின் இடுக்கில் எட்டிப் பார்த்த எதிர்வீட்டுப் பையன் துள்ளிக் குதித்தான்.

"அங்கிள், தள்ளுங்க அங்கிள்! தாடிக்காரன் வந்துட்டான்! பகலெல்லாம் கடைல நீங்க ஆடுவீங்களே, அந்த ஆளு!"

இடுக்கு வழியாக, அவன் பையை இறக்கி ஓரமாக வைப்பதை நானும் பார்த்தேன். அதற்குள் யாரோ பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். அவனுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாமலே போயிற்று.

இருட்டில், சத்தமில்லாத அந்த ஹாலில் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. உரக்கக்கூட இல்லை.

"பகலெல்லாம்னா?"

அப்பா போர்டைக் கீழே வைக்கவில்லை. யாரோ ஜன்னல் போர்வையை விலக்கினார்கள். வெளிச்சத்தில் அந்தப் பேழையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற கோலத்தை நான் மறக்க முயற்சி செய்து பார்த்துவிட்டேன். முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா எல்லாவற்றையும் சொன்னார். ஏப்ரலில் கம்பெனி கட்டிங் செக்‌ஷனை நிறுத்தியது, மறுபடி கூப்பிடுகிறோம் என்று அவரை அனுப்பிவிட்டது, கூப்பிடாதது எல்லாம். அம்மா வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ராத்திரி பூரா நின்னுட்டு வந்து சமைச்சுக் கட்டிக் குடுத்தேனே, அத எங்க உக்காந்து சாப்ட்டீங்க?" என்று கேட்டாள்.

"பிளாட்பாரத்துல."

"தெனமுமா?"

"தெனமும்."

அம்மா அழுதாள். அப்பாவின் கேரியரை எடுத்துக் கழுவினாள். கழுவின கேரியரையே மறுபடி கழுவினாள்.

சபைக் கமிட்டி கூடியது. படத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார்களாம். பிள்ளைகளின் ஆத்துமா, பெண்களின் மானம், வாலிபரின் நெறி என்று ஒன்றும் பாக்கியில்லை. அப்பாவைக் கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு மனிதனுக்கு வேலை போயிற்றே என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. அட்டையைப் பார்த்து அனுமதி கொடுத்ததைப் போதகரும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. டவுசர் பசங்களோடு வீடியோ கேம் ஆடினவர் என்கிற பெயர் அவருக்குக் கடைசிவரை போகவில்லை.

பாய் ஒருநாள் வாசல்வரை வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார். அம்மா கதவைத் திறந்து, "எங்க வீட்டு மனுசன கெடுத்தது போதாதா?" என்று கேட்டுவிட்டுச் சாத்திவிட்டாள். அவர் இல்லாவிட்டால் அந்தக் கோடையில் அப்பா ரயில் பாதை ஓரமாகவே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருப்பதோடு நின்றிருக்குமா என்று நினைக்க இப்போதும் எனக்குப் பயமாயிருக்கிறது. அம்மாவுக்கு அது புரிந்தபோது பாய் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டிருந்தார்.

அப்பாவுக்குப் பிறகு வேறொரு கம்பெனியில் டைம் கீப்பர் வேலை கிடைத்தது. சங்கு ஊதுகிற பொத்தான் அவர் மேஜைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ரிட்டயர் ஆகும்வரை ஊதினார். சட்டையில் மறுபடி அந்த வாடை வந்தது. அம்மாவும் அவரும் நன்றாகத்தான் இருந்தார்கள். ஆனால் அவர் ஐந்து நிமிடம் பிந்தினால்கூட அம்மா வாசலுக்கு வந்துவிடுவாள். கேட்கமாட்டாள், பார்ப்பாள். அப்பா அந்தப் பார்வைக்கு முன்னால் சைக்கிளை மெதுவாகத் தள்ளிக்கொண்டு வருவார். சாகும்வரை அப்படித்தான். ஒரு பொய், சொன்னவரையும் களைக்கவைத்தது, கேட்டவளையும் களைக்கவைத்தது.

சரி, கதை முடிந்தது என்று உங்களிடம் சொல்லத்தான் ஆசை. நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் என் மகன் மறுபடி அந்தப் படப் பேச்சை எடுத்தான். "அந்தத் தாடிக்காரன்தான் ஜெயிப்பானாம்மா, பசங்க சொன்னாங்க" என்றான்.

"அதெல்லாம் இல்ல" என்றார் என் வீட்டுக்காரர், ரசத்தைப் பிசைந்துகொண்டே. "அவன் ஜெயிக்கிறதும் இல்ல, தோக்குறதும் இல்ல. கடைசில பைய எடுத்து மாட்டிகினு நடந்து போய்டுறான். எங்க போறான்னே காட்டல."

சொல்லிவிட்டுத்தான் தலையைத் தூக்கினார். மகன் "ஐயோ, முடிவச் சொல்லிட்டீங்களேப்பா!" என்று கத்தினான். நான் அவருக்கு மோர் ஊற்றினேன். வெளிநாட்டு ஆர்டர் கம்மியாகிவிட்டது என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். இவர் அதைப் பற்றி வாய் திறக்காததை நான் யோசித்ததில்லை. ஆணியில் தொங்கிய அவருடைய சட்டையைப் பிறகு எடுத்து மோந்து பார்த்தேன். சோப்பு மணம்தான் வந்தது.

"பகலெல்லாம்னா?" என்கிற அம்மாவின் கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. அதைக் கேட்டு எங்கள் வீடு பட்டது எனக்குத் தெரியும்.

இன்று காலை வழக்கம்போல எழுந்து சமைத்தேன். அவர் குளித்து, இன் பண்ணிக்கொண்டு, கழுத்தில் கம்பெனி அட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். கேரியருக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. மேலே இன்னொரு அடுக்கை வைத்து மூடினேன்.

"இன்னாத்துக்கு இவ்ளோ?" என்றார்.

"ரெண்டு பேருக்கு" என்றேன். "நானும் வர்றேன்."

"எங்க?"

"நீங்க போற எடத்துக்கு."

அவர் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் வாங்கி மேஜை மேல் வைத்தேன்.

"வேலூர் கோட்டைப் பார்க்குல மரத்தடி ஒண்ணு இருக்குது" என்றார். "நெழல் நல்லா இருக்கும்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். கேரியர் கனமாக இருந்தது. அதை அவரே வாங்கிக்கொண்டார்.